எண்டோமெட்ரியோசிஸ்: மாத்திரையா, லேப்ராஸ்கோப்பியா?

மாதவிடாய் வலியில் சுருண்டு கிடக்கும் பெண்ணிடம் "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். அது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்றால், சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் முன்னால் நிற்கும்.

டைனோஜெஸ்ட் என்ற 2 மி.கி. ஹார்மோன் மாத்திரையை தினமும் ஒன்று, இடைவெளி விடாமல் சாப்பிட வேண்டும். பலருக்கு வலி நன்றாகவே குறைகிறது. முதல் சில மாதங்கள் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு வந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கருமுட்டை வெளியாவதைத் தடுப்பதால், குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இது ஒத்துவராது. நிறுத்தினால் வலி திரும்பலாம்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றில் சிறு துளைகள் போட்டு, படிந்த திசுக்களை வெட்டி எடுப்பார்கள். மாத்திரைக்கு அடங்காத வலிக்கும், குழந்தைக்காகக் காத்திருக்கும் சிலருக்கும் இது உதவும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சினைப்பையில் இருக்கும் சாக்லேட் கட்டியை (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உருவாகும் கட்டி) உரித்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் போய்விடலாம். அறுவைக்கு முன்பே முட்டை இருப்பைக் கணிக்க உதவும் ஏ.எம்.எச். ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அறுவைக்குப் பின்னும் நோய் திரும்பக்கூடும். உடனே குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு அப்புறமும் மாத்திரை தருவது அதனால்தான்.

வலிதான் பிரச்சினை, இப்போதைக்குக் குழந்தைத் திட்டம் இல்லை என்றால், முதலில் மாத்திரை என்பேன். ஸ்கேனில் தெரியாவிட்டாலும் அறிகுறிகளை வைத்தே மருந்தைத் தொடங்கலாம் என்கிறது 2022 ஐரோப்பிய வழிகாட்டுதல்.