ஐந்து ரோடு பக்கம் ஒரு என்.என்.பி. பயிற்சி வகுப்பு: கணக்கு அருமை, குறிப்பேடு பழசு

சேலம் ஐந்து ரோடு அருகே சனி, ஞாயிறு காலைகளில் நடக்கும் இந்த வகுப்பு, அமெரிக்காவின் நேஷனல் சர்டிஃபிகேஷன் கார்ப்பரேஷன் (என்.சி.சி.) நடத்தும் நியோநேட்டல் நர்ஸ் பிராக்டிஷனர் (என்.என்.பி.), அதாவது பச்சிளம் குழந்தைகளுக்கான உயர்நிலை நர்ஸ், சான்றிதழ் தேர்வுக்கானது. கணக்குப் பகுதிக்காகத் தாராளமாகச் சேரலாம். அவர்கள் தரும் குறிப்பேட்டை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போக வேண்டாம்.

பி.எஸ்.சி. நர்சிங் முடித்து இங்கே என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) எத்தனை வருடம் வேலை பார்த்திருந்தாலும் இந்தத் தேர்வை நேராக எழுத முடியாது. ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமமும், அங்கீகாரம் பெற்ற என்.என்.பி. முதுநிலைப் படிப்பும் முதலில் வேண்டும். பணம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறார்கள், அந்த நேர்மை பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் அந்தப் படிப்பில் இருப்பவர்கள் ஜூமில் வருகிறார்கள். உள்ளூர் நர்ஸுகள் பாடம் கெட்டிப்பட வருகிறார்கள்.

குழந்தைக்குக் கிலோவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் போகிறது என்ற கணக்கைச் சொல்லித் தரும் விதம் அபாரம். டெக்ஸ்ட்ரோஸ் சதவீதத்தை மணிக்கு எத்தனை மில்லி என்பதால் பெருக்கி, 6 பெருக்கல் எடையால் வகுக்க வேண்டும். அந்த 6 எங்கிருந்து வந்தது? 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்றால் 1 மில்லியில் 100 மில்லிகிராம், அதாவது சதவீதத்தின் பத்து மடங்கு. மணியை நிமிடமாக்க 60ஆல் வகுக்கிறோம். பத்தின் கீழ் அறுபது, ஆறாகிறது. அதே 10 சதவீதம் 1.5 கிலோ குழந்தைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 80 மில்லி என்றால் 120 மில்லி, மணிக்கு 5 மில்லி. விடை 5.5 சொச்சம். பலர் அந்த 80ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டு 89 என்று எழுதுவார்கள். ஆரம்ப அளவு பெரும்பாலும் 4 முதல் 8க்குள் இருக்கும், அதைத் தாண்டினால் திரும்பப் பார் என்று ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துகிறார்கள்.

அட்ரினலினும் அப்படித்தான். நம் ஊர் ஆம்பூலில் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம். 9 மில்லி நார்மல் சலைன் சேர்த்த பிறகுதான் தேர்வு எதிர்பார்க்கும், மில்லிக்கு 0.1 மில்லிகிராம் கரைசல் ஆகும். நரம்பு வழி கிலோவுக்கு 0.02 மில்லிகிராம் என்றால் 1.5 கிலோவுக்கு 0.3 மில்லி. கலக்காத ஆம்பூலிலிருந்து அதே 0.3 மில்லி போனால் பத்து மடங்கு மருந்து. இங்கத்திய பழக்கம் கையில் ஊறியவர்களுக்கு இந்த ஒரு பாடமே கட்டணத்துக்கு ஈடு.

ஆல்வியோலார் ஆக்சிஜன் (நுரையீரல் காற்றறைகளில் உள்ள ஆக்சிஜனின் அழுத்தம்) பாடத்தை ஏற்காட்டை வைத்து நடத்துவது இன்னும் அழகு. மலை ஏறினாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான், குறைவது காற்றழுத்தம். கடல் மட்டத்தில் அது 760 மி.மீ. பாதரசம், அதில் நீராவியின் 47 போக 713. அதில் 21 சதவீதம் 150. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அழுத்தம் சுமார் 635 என்று வைத்தால் அதே கணக்கு 123 தருகிறது. கார்பன் டை ஆக்சைடு 40ஐ 0.8ஆல் வகுத்து 50 கழித்தால், கடல் மட்டத்தில் 100, ஏற்காட்டில் 73. கொண்டை ஊசி வளைவுகளைத் தெரிந்தவர் எவரும் இதை மறக்க மாட்டார்.

இனி குறைகள். மஞ்சள் காமாலைப் பகுதியில் இன்னும் 2004 வரைபடமே ஓடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் வரம்புகளை மாற்றிவிட்டது. ஒளி சிகிச்சை தொடங்கும் பிலிருபின் (மஞ்சள் நிறமி) அளவு உயர்ந்தது. பழைய படத்தைப் பார்த்துப் பதில் சொன்னால் சிகிச்சை தேவைப்படாத குழந்தையை விளக்கின் கீழ் வைப்பீர்கள். அட்ரினலினுக்குப் பின் தரும் சலைனும் 0.5 முதல் 1 மில்லி என்றே அச்சாகியிருக்கிறது. 2021இல் வந்த என்.ஆர்.பி. (பச்சிளம் குழந்தை உயிர்மீட்புப் பயிற்சி) நூலின் எட்டாம் பதிப்பு அதை 3 மில்லி ஆக்கியது. உயிர் காக்கும் பாடத்தில் இந்த அலட்சியம் வருத்தம் தருகிறது. ஜெராக்ஸும் மங்கல், எக்ஸ்ரே படங்களில் தொப்புள் கதீட்டரின் நுனியே தெரியவில்லை.

மாக் டெஸ்ட்டும் போதாது. உண்மைத் தேர்வில் 3 மணி நேரத்தில் 175 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் சொச்சம். 25 கேள்விகளுக்கு மதிப்பெண் இல்லை, ஆனால் அவை எவை என்று தெரியாது. இங்கே கடிகாரம் இல்லாமல் ஐம்பது ஐம்பதாகத் தருகிறார்கள். சேருமுன் முழு நீளத் தேர்வு குறைந்தது இரண்டு வேண்டும் என்று கேளுங்கள். திருத்திய குறிப்பேடு எப்போது வரும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.