பாய்ஸ் கம்பெனியா, ஸ்பெஷல் நாடகமா?

பழைய தமிழ் நாடக நட்சத்திரங்களைப் பற்றி எழுத வருபவர்கள், சிறுவர்களைச் சேர்த்து வளர்த்த நாடகக் குழுவான பாய்ஸ் கம்பெனி, தனித்தனி நடிகர்களை அமர்த்தி நடத்தும் ஸ்பெஷல் நாடகம் என்ற இந்த இரண்டில் எதை எடுப்பது என்று குழம்புகிறார்கள். ஊர் ஊராகப் போனவை இரண்டும்தான், ஆளை வளர்த்த விதம் வேறு.

பயிற்சி
கம்பெனி: சிறுவயதிலேயே சேர்த்து, சோறு போட்டு, வாத்தியார் பாட்டும் வசனமும் உருப்போட வைப்பார்.
ஸ்பெஷல்: ஒத்திகையே கிடையாது. ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சம்பளம் பேசி வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளி திருமணம் போன்ற நாடகம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் சமாளிப்பார்கள், எதிராளியைப் பாட்டில் மடக்குவதைப் பார்க்கவே கூட்டம் வரும்.

பெயர்
கம்பெனி: புகழ் முதலில் கம்பெனிக்கு.
ஸ்பெஷல்: நோட்டீஸில் இருக்கும் நடிகர் பெயர்தான் விலை போகும். பாடி நடித்த கிட்டப்பா–சுந்தராம்பாள் ஜோடிக்கு இலங்கையிலும் மவுசு.

ஆயுள்
கம்பெனி: சினிமா வந்ததும் கரைந்தது.
ஸ்பெஷல்: மதுரைப் பக்கக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் எங்கே தொழில் கற்றார்கள் என்பதுதான் கேள்வி என்றால் கம்பெனியை எடுங்கள், 1918இல் மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபை என்ற சிறுவர் கம்பெனியிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு ஆளின் பெயருக்காகவே ஜனம் டிக்கெட் வாங்கியது எப்படி என்றால், சந்தேகமே இல்லை, ஸ்பெஷல்தான்.