கறுப்பு வண்டுக்குக் கைபேசி போதுமா?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் வண்டு பார்ப்பவர்களிடம் இரண்டு கட்சி உண்டு. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பெயர் வந்துவிடும் என்பது ஒன்று. பத்து மடங்கு கைலென்ஸும் இனங்காண் நூலும் இல்லாமல் வாயைத் திறக்கக் கூடாது என்பது மற்றொன்று. நான் வண்டைப் பார்த்துக் கட்சி மாறுகிறவன்.

கத்தரித் தோட்டத்தில் படமே போதும். இலையைச் சுரண்டித் தின்னும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டின் முதுகு மென்மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். அசுவினியைத் தின்று நமக்கு உதவும் பொறிவண்டின் முதுகோ பளபளக்கும். இது தெரியாமல் இரண்டுக்கும் சேர்த்து மருந்தடிப்பவர்கள்தான் அதிகம். ஊசுடு ஏரி போன்ற சரணாலயத்திலும் படம்தான் வழி. அனுமதியின்றி அங்கிருந்து எதையும் பிடித்து வர முடியாது.

சிக்கல் செம்மண் தரையில் ஓடும் கறுப்பு வண்டுகளிடம்தான். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பில் சருகைக் கிளறிப் பாருங்கள். கராபிடே குடும்பத்து வண்டுக்கும் டெனிப்ரியோனிடே குடும்பத்து வண்டுக்கும் மேலிருந்து எடுத்த படத்தில் பல நேரம் வித்தியாசமே தெரியாது. செயலி அப்போதும் கூசாமல் ஒரு பெயரை நீட்டும். லென்ஸ்காரர் வண்டைப் புரட்டிப் பாதக் கணுக்களை, அதாவது கால் நுனியில் உள்ள சின்னச் சின்னத் துண்டுகளை எண்ணுவார். ஆறு கால்களிலும் ஐந்தைந்து கணு இருந்தால் கராபிடே. முன்கால், நடுக்கால்களில் ஐந்தும் பின்கால்களில் நான்கும் இருந்தால் டெனிப்ரியோனிடே. பிந்தையதன் உணர்கொம்பு முளைக்கும் இடத்தைத் தலையின் விளிம்பு மூடியிருக்கும். அரை நிமிட வேலை.

தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டைச் சிறுவர்கள்கூட அடையாளம் சொல்வார்கள். ஆணா பெண்ணா என்றால்தான் திருப்ப வேண்டும்: பெண்ணின் வயிற்று நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். கொம்பின் நீளத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம்.

நூல் கட்சியிலும் ஓட்டை உண்டு. பிரிட்டிஷ் இந்திய விலங்கினங்கள் பற்றிய நூல் வரிசையில் நீள்கொம்பு வண்டுகளைப் பற்றிப் பூச்சியியலாளர் ககன் எழுதிய தொகுதி 1906இல் வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குப் பின் எத்தனையோ பெயர்கள் மாறிவிட்டன. முந்திரியின் தண்டைத் துளைக்கும் வண்டை நெடுங்காலம் பிளோகேடெரஸ் என்றார்கள். இன்று அது நியோபிளோகேடெரஸ். இந்த விஷயத்தில் செயலிதான் முந்திக்கொள்கிறது.

கைபேசியை விட மனமில்லாதவர்கள் முதுகோடு நிறுத்தாமல் முகம், வயிறு, பின்கால் மூன்றையும் எடுக்கலாம். கைபேசியில் கவ்வி மாட்டும் மேக்ரோ லென்ஸ் இருந்தால், ஓரளவு பெரிய வண்டின் கணுக்களைப் படத்திலேயே எண்ணிவிடலாம்.