தரையில உக்கார்ற கார்னர் சீட்: சி.பி. பிள்ளைங்களுக்கு கிளாஸ்ல எப்படி இருக்கு?

என் பொண்ணுக்கு ஏழு வயசு, செரிப்ரல் பால்சி (சி.பி., மூளை முடக்குவாதம்). ரெண்டு காலும் இறுக்கம், முதுகு நேரா நிக்க சப்போர்ட் வேணும், பேச்சு மெதுவாத்தான் வரும் ஆனா சொல்றது எல்லாமே புரியும். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்துல அரசு தொடக்கப் பள்ளியில ரெண்டாவது படிக்கிறா. அவளுக்காக எங்க ஊர் ஆசாரி அண்ணன்கிட்ட சொல்லி செஞ்ச கார்னர் சீட் பத்தித்தான் இந்த ரிவ்யூ. இந்த மாதிரி சாமான் பத்தி தமிழ்ல விவரமா தேடினா ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு: வீட்டுல சுவர் மூலையில பிள்ளையை சாய்ச்சு உக்கார வைப்போம்ல, அந்த மூலையவே ரெண்டு பலகையில செஞ்சு தூக்கிட்டுப் போற மாதிரி பண்ணினா அதான் கார்னர் சீட். ரெண்டு பக்கப் பலகையும் தோளை லேசா முன்னாடி கொண்டு வரும், அப்போ கை ரெண்டும் தானா நெஞ்சுக்கு நேரா நடுவுல வந்துரும், பென்சில் பிடிக்க ஸ்பூன் பிடிக்க அதுதான் முக்கியம். இறுக்கம் உள்ள பிள்ளைங்க திடீர்னு பின்னாடி வளைஞ்சு தள்ளுவாங்க பாத்தீங்களா, அதுவும் நல்லா குறையுது. தொடைக்கு நடுவுல ஒரு சின்ன கட்டை, அதுக்கு மேல ஃபோம் சுத்தி, கால் ரெண்டும் பின்னிக்காம இருக்க. இடுப்புக்கு ஒரு பெல்ட். அவ்வளவுதான்.

சரி, வீல் வச்ச சி.பி. சேர் இருக்கே, அது போதாதான்னு கேப்பீங்க. எங்ககிட்டயும் இருக்கு, கேம்ப்ல அளவெடுத்து இலவசமா குடுத்தது. நல்ல சேர், வீட்டுல சாப்பிட, டிவி பாக்க, வெளிய தள்ளிட்டுப் போக இன்னைக்கும் அதுதான். ஆனா கிளாஸ்ல நிலைமை வேற. நம்ம அரசுப் பள்ளிகள்ல ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல வந்ததுல இருந்து, படிக்கிற நிலைக்குத் தகுந்த மாதிரி அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளைங்க குழுவா உக்காந்துதான் பாடம், எங்க ஸ்கூல்ல அதுக்கு பாய் விரிச்சு எல்லாரும் தரையிலதான். அட்டை, குச்சி, படம், விளையாட்டு சாமான் எல்லாம் தரையில பரப்பியிருக்கும், டீச்சரும் கீழதான் உக்காந்திருப்பாங்க. அதுல என் பொண்ணு மட்டும் மேல சேர்ல, முன்னாடி அகலமா ஒரு ட்ரே. பக்கத்துல இருக்கற பிள்ளை அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்னா எந்திரிச்சு நிக்கணும். ரெண்டு வாட்டி எந்திரிச்சா டீச்சர் உக்காரச் சொல்லுவாங்க, மூணாவது வாட்டி அந்தப் பிள்ளை எதுக்கு எந்திரிக்கப் போகுது? கிளாஸ் உள்ளயே இருந்தா, அட்டெண்டென்ஸ் இருந்துச்சு, ஆனா குழுவுல இல்ல. நாள் பூரா டீச்சரோட உச்சந்தலையையும் பிள்ளைங்க முதுகையும் பாத்துக்கிட்டு இருந்தா, அவ்வளவுதான்.

இதை முதல்ல கவனிச்சவங்க எங்க வட்டார வள மையத்துல இருந்து வர்ற ஸ்பெஷல் டீச்சர். "இவளைக் கீழ இறக்கணும்மா, மத்த பிள்ளைங்க கண்ணு மட்டத்துக்கு"ன்னாங்க. அதுல இருந்து ஆரம்பிச்சதுதான் இந்த சீட்.

ஆன்லைன்ல ஒரு ரெடிமேட் சீட் வாங்கினோம், கடை பேரு வேணாம். விலை ஏழாயிரத்துக்கு மேல. ரெக்சின் வழவழன்னு இருந்ததால பிள்ளை முன்னாடி சறுக்கிக்கிட்டே போனா, நடுக்கட்டையை நகர்த்த வழியில்ல, படத்துல காட்டின அளவும் வந்த அளவும் ஒண்ணில்ல. திருப்பி அனுப்பறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. சி.பி. பிள்ளைக்கு அளவு எடுக்காம எதையும் வாங்காதீங்க, ஸ்மால் மீடியம் லார்ஜ்ல நம்ம பிள்ளைங்க அடங்க மாட்டாங்க.

அப்புறம்தான் ஆசாரி அண்ணன். அதே வள மையத்துல இருந்து வர்ற பிசியோதெரபி மேடம் வந்து அளவெடுத்தாங்க: உக்காந்த நிலையில இடுப்புல இருந்து தோள் உயரம், இடுப்பு அகலம், இடுப்புல இருந்து முழங்கால் மடிப்பு வரை நீளம். அளவு எடுக்கறப்பதான் ஒரு விஷயம் சொன்னாங்க, இது ரொம்ப முக்கியம், எல்லா அம்மாக்களும் கவனிங்க. இந்த சீட்ல பிள்ளை காலை நீட்டி உக்காரும். தொடைக்குப் பின்னாடி உள்ள தசை இறுக்கமா இருந்தா காலை நீட்டினதும் அது இடுப்பைப் பின்னாடி இழுத்துரும், முதுகு கூன் விழும், பிள்ளை வாலெலும்புல உக்காந்த மாதிரி ஆயிடும். அதுக்கு சீட்டை தரையில இருந்து கொஞ்சம் தூக்கணும், முழங்காலுக்கு அடியில ஒரு உருளை குடுக்கணும். எங்களுக்கு மூணு இஞ்ச் தூக்கினதுல முதுகு நிமிந்துருச்சு. கண்ணு முன்னாடி பாத்தேன், உருளையை வச்சதும் தலை தானா மேல வந்துச்சு. இந்த அளவை பிசியோ பாக்காம நீங்களா முடிவு பண்ணாதீங்க, இடுப்பு மூட்டு விலகற பிரச்சினை இருக்கற பிள்ளைங்கன்னா இன்னும் கவனம்.

பிளைவுட், மேல சொரசொரப்பான துணி, ஃபோம், வெல்க்ரோ பெல்ட், கூலி எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துச் சொச்சம் ஆச்சு. நடுக்கட்டைக்கு மூணு ஓட்டை போட்டு நகர்த்தற மாதிரி வச்சுக் குடுத்தார், பிள்ளை வளர வளர மாத்திக்கலாம். முனையெல்லாம் உருட்டித் தேச்சிருக்கார், சொல்லாமலே செஞ்சது அது. முன்னாடி குட்டை மேசை ஒண்ணு, கழட்டி மாட்டலாம். ஆனா கிளாஸ்ல அதைப் போட வேணாம்னு டீச்சர்கிட்ட சொல்லியிருக்கேன், எழுதற நேரம் மட்டும்தான். மேசை வந்தா திரும்ப வேலி வந்த மாதிரிதான்.

இப்போ கிளாஸ்ல எப்படி இருக்கான்னா, குழுவுல வட்டத்துல ஒரு ஆளா இருக்கா. எழுத்து அட்டையை இவ கைக்கு எட்டற இடத்துல பக்கத்துப் பிள்ளை தள்ளி வைக்குது, யாரும் சொல்லிக் குடுக்கல. இவ மெதுவா எடுத்து நீட்டற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்குதுங்க, அவசரப்படற பையன் ஒருத்தன் இருக்கான், அவனை மத்ததுங்களே "இருடா அவ எடுக்கறா"ன்னு அடக்குதுங்க. காலை உணவுக்கு வராண்டாவுல வரிசையா உக்காருவாங்கல்ல, முன்னாடி இவளுக்கு மட்டும் கிளாஸ் உள்ள சேர்ல தனியா ஊட்டுவாங்க. இப்போ சீட்டை வரிசையில போட்டாச்சு. புதன்கிழமை பொங்கலும் சாம்பாரும், கைப்பிடி தடிமனா உள்ள ஸ்பூன்ல பாதி அவளே சாப்பிடறா, பாதி சிந்தும், சிந்தட்டும். இந்த மாசி மாசம் கோயில் அன்னதானத்துக்கும் சீட்டைத் தூக்கிட்டுப் போனோம், சொந்தக்காரப் பிள்ளைங்களோட பந்தியில உக்காந்து சாப்பிட்டா. அதுவரைக்கும் விசேஷம்னா அவ என் மடியிலதான்.

குறைன்னு பாத்தா, கனம். ஒரு கையில சீட், ஒரு கையில பிள்ளைன்னு முடியாது, அதனால ஸ்கூல்லயே வச்சுட்டோம். ஒரே நிலையில அரை மணி நேரத்துக்கு மேல வேணாம்னு பிசியோ சொல்லியிருக்காங்க, நடுவுல பாய்ல குப்புற படுக்க வச்சு, இல்ல நிக்கற ஃப்ரேம்ல மாத்தணும், அதுக்கு ஆயாம்மா இல்லேன்னா டீச்சர் கை வேணும், அவங்க லீவுன்னா சிரமம்தான். தரை கழுவும்போது நனைஞ்சு அடிப்பலகை லேசா உப்பிருச்சு, நீங்க செஞ்சா அடியில ரப்பர் புஷ் அடிச்சுக்கங்க. டாய்லெட் பிரச்சினைக்கு இந்த சீட் ஒண்ணும் செய்யாது, அது தனிக் கதை.

இன்னொண்ணு. "எங்ககிட்ட வசதி இல்ல, ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க"ன்னு முன்னாடி ஒரு தனியார் பள்ளியில திருப்பி அனுப்பினாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 16வது பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ உள்ள பள்ளி எல்லாம் பாகுபாடு இல்லாம சேக்கறதுக்கும் அந்தப் பிள்ளைக்குத் தேவையான வசதி பண்றதுக்கும் அரசும் உள்ளாட்சியும் முயற்சி எடுக்கணும்னு சொல்லுது. 31வது பிரிவுல, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ குறைபாடுன்னு சான்று உள்ள பிள்ளைங்களுக்கு 6 வயசுல இருந்து 18 வரைக்கும் பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா, எது வேணும்னாலும் இலவசமா படிக்கற உரிமை, தேர்வு நம்மளோடது. ரெண்டாயிரம் ரூபாய்ல ஒரு ஊர் ஆசாரி செஞ்சு குடுத்த பலகை இது. வசதி இல்லன்னு யாராவது சொன்னா இதோட போட்டோவைக் காட்டுங்க.

மார்க் குடுக்கணும்னா 5க்கு 4. மூணாவது வரைக்கும் இது ஓடும். நாலாவதுல எங்க ஸ்கூல்ல பெஞ்ச் டெஸ்க், அப்போ கீழ உக்காந்தா திரும்ப அவ தனியாயிருவா, அதனால வீல் சேரோட ட்ரேயைக் கழட்டிட்டு டெஸ்க் உயரத்தை அதுக்குத் தகுந்த மாதிரி ஏத்தலாமான்னு ஹெச்.எம். டீச்சரோட பேசிக்கிட்டு இருக்கோம். யாராவது டெஸ்க்கை அப்படி மாத்தியிருந்தா அளவு சொல்லுங்க. கார்னர் சீட் அளவு வேணும்னா கேளுங்க, ஆசாரி அண்ணன் பென்சில்ல வரைஞ்ச தாளை போட்டோ எடுத்துப் போடறேன்.