ஆங்கிலப் போர்டுக்கு இந்தக் கடையை நம்பிப் போகலாம்

யாழ்ப்பாண நகரத்தில் போர்டு அடிக்கிற கடைகளுக்குக் குறைவில்லை, ஆனால் வெட்டுகிறதுக்கு முன்னம் எழுத்தை வாசித்துப் பார்த்து, சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்கிற கடை என்று நான் கண்டது இதைத்தான். அத்தானின் வெதுப்பகத்துக்கு மேலே தமிழ், கீழே ஆங்கிலம் என்று ஒரு போர்டு செய்வித்தோம். விலை கொஞ்சம் கூட, சொன்ன திகதிக்குத் தரவும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த போர்டுக்கும் இங்கேதான் போவேன். காரணம், எஸ் எழுத்துக்குப் பக்கத்தில் மேலே போடுகிற அந்த அப்பொஸ்ரொபிக் குறி (’).

அத்தானின் பெயர் ஆங்கிலத்தில் எஸ்ஸில் முடிகிறது. அவருடைய வெதுப்பகம் என்று எழுத வேண்டும், அங்கேதான் சிக்கல். முதலில் வேறொரு இடத்தில் கொடுத்திருந்தோம். அவர்கள் பெயரின் கடைசி எஸ்ஸுக்கு முன்னால் குறியைப் போட்டு ஆளின் பெயரையே ஓர் எழுத்துக் குறைத்துவிட்டார்கள், கீழே கேக், பணிஸ், றோல்ஸ் என்று பன்மையில் வந்த எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு குறி. கேட்டதற்கு, எஸ் வந்தால் போடத்தானே வேணும் என்று பதில். இது அபிப்பிராய பேதம் இல்லை, பிழை. உடைமையைக் காட்டவும் விடுபட்ட எழுத்தைக் காட்டவும்தான் அந்தக் குறி, நாலு றோல்ஸ் இருக்கிறது என்று சொல்ல இல்லை. கட்டின அட்வான்ஸும் திரும்பி வரவில்லை.

இங்கே டிசைன் செய்கிற பெடியன் தமிழைப் பாமினியில் அடிக்கிறார். அந்த எழுத்துருவில் கொமாவை அழுத்தினால் 'இ' விழும், அரைப்புள்ளியை அழுத்தினால் மெய்யெழுத்தின் புள்ளி விழும், அதனால் ஆங்கில வரிக்கு வரும்போது எழுத்துருவை மாற்றி ஒவ்வொரு குறியாகப் பார்த்துத்தான் போடுகிறார். நாங்கள் கடதாசியில் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு, "அக்கா, பேருக்குப் பிறகு குறியோட விடவோ, இல்லாட்டி இன்னொரு எஸ்ஸும் போடவோ? ரெண்டு விதமாயும் எழுதுகினம், நீங்கள்தான் சொல்லோணும்" என்று கேட்டார். தானே ஒரு முடிவெடுத்து வெட்டித் தள்ளியிருக்கலாம். கேட்டாரே, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. 2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் கன்சாஸ் மாநிலத்தின் மரண தண்டனைச் சட்டம் பற்றிய வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதியரசர் தோமஸ் அந்த மாநிலப் பெயரைக் குறியோடு நிறுத்தினார், மாறுபட்டு எழுதிய நீதியரசர் சூட்டர் இன்னொரு எஸ் சேர்த்தார். ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம். ஏபி செய்தி நிறுவனத்தின் எழுத்து நடைக் கையேடு இப்படியான பெயர்களுக்கு எஸ் வேண்டாம் என்கிறது, சிக்காகோ கையேடு போடு என்கிறது. இடப்பெயர், கடைப்பெயர் என்று வந்தால் இன்னும் குழப்பம். லண்டனில் பிக்கடில்லி சுரங்க ரயில் பாதையில் அடுத்தடுத்து வருகிற நிலையங்களில் ஏர்ல்ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. வாட்டர்ஸ்ரோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்து குறியை எடுத்தே விட்டது. இங்கே எங்கட சென் ஜோன்ஸ், சென் பற்றிக்ஸ் கல்லூரிகள் ரெண்டும் ஆங்கிலப் பெயரில் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

வீட்டில் இது பெரிய வாக்குவாதமாகப் போனது. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற மாமா, இன்னொரு எஸ் போட்டால் பார்க்க அசிங்கம், ஆங்கிலத்தில் எஸ்ஸில் முடிகிற யேசுவின் பெயருக்கே குறியோடு நிறுத்துவதுதான் பழைய வழக்கம் என்று நின்றார். அந்த வழக்கம் உண்மைதான், ஆனால் அது யேசு, மோசே மாதிரிப் பழைய பெயர்களுக்கென்று வைத்த விலக்கு, அதைப் பாண் போடுகிறவரின் பெயருக்குக் கொண்டு வரத் தேவையில்லை. நான் பார்த்தது வாயால் எப்படிச் சொல்கிறோம் என்று. அத்தானின் கடையை ஆங்கிலத்தில் சொல்லும்போது எல்லாரும் கடைசியில் ஓர் 'இஸ்' சேர்த்துத்தான் சொல்கிறார்கள், மாமா உட்பட. அந்தச் சத்தத்தை எழுதிவிட்டால் வாசிக்கிற ஆளுக்குத் தடங்கல் இல்லை. அதனால் எஸ் போடச் சொன்னேன். மாமா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்கு அவரிடம் நியாயம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். அக்றிலிக்கில் வெட்டி உயர்த்தி ஒட்டிய எழுத்துகள். இப்படியான போர்டில் அப்பொஸ்ரொபி மாதிரிச் சின்னத் துண்டுதான் முதலில் கழன்று விழும், ஒட்டுகிற பரப்பு அவ்வளவு குறைவு. அதற்கென்று பின்னால் ஒரு சின்ன ஆணி வைத்து இறுக்கியிருக்கிறார்கள், மாரி மழைக்குப் பிறகும் அசையவில்லை. வடிவமும் திறம். ஒன்பது இலக்கம் மாதிரித் தலை தடித்து வால் வளைந்திருக்கிறது, கனக்கப் போர்டுகளில் பார்க்கிற மாதிரி ஆறாகக் கவிழ்ந்து கிடக்கவில்லை.

போகிறவர்கள் ஆங்கில வரியைத் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கோ, வட்ஸ்அப்பில் வருகிற மாதிரியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கோ. திறப்பு விழா வைத்திருந்தால் திகதியை ஒரு கிழமை முன்தள்ளியே சொல்லிவிடுங்கோ.