ஐபோன் எஸ்இ, நாலு வருஷத்துக்கு அப்புறம்: வெள்ளைத் திரையும் ஒரு இடைவெளியும்

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு கடையில் கொடுத்து என் பழைய ஐபோன் எஸ்இக்குப் பேட்டரி மாற்றினேன். 1,400 ரூபாய். "இந்தப் போனுக்கா சார் போடறீங்க?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்டார். போட்டுக் கொடுங்க என்றேன். வீடு வந்து சேர்வதற்குள் திருப்பூரிலிருந்து நண்பன் கூப்பிட்டான். "மாப்ள, எங்க ஆர்டர் பேஜ் சில ஐபோன்ல மட்டும் வெள்ளையா வருது. ஆண்ட்ராய்டுல ஓடுது, லேப்டாப்புல ஓடுது. நீ டெஸ்டிங்குக்கு வச்சிருக்கியே, அந்த மாதிரி ஒண்ணு வாங்கிப் போடட்டுமா?"

அவனுக்குச் சொன்ன பதில் ஒரு மணி நேரம் நீண்டுவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016ல் வந்த முதல் தலைமுறை எஸ்இ, 4 அங்குலத் திரை. 2021 தொடக்கத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இன்றுவரை அதில் சிம் போட்டதில்லை. ஒரே வேலைதான்: நாங்கள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் (வலைப்பக்கத்தை இயக்கும் புரோகிராம்) ஐபோனின் சொந்த பிரவுசரான சஃபாரியில் ஓடுகிறதா என்று பார்ப்பது. ஐபோனில் சஃபாரி தனியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை, ஐஓஎஸ் கூடவேதான் வரும். இந்த மாடலுக்கு ஐஓஎஸ் 15தான் கடைசி. ஆக, உள்ளே இருக்கும் பிரவுசரும் 15லேயே நின்றுவிட்டது. தினமும் கையில் வைத்திருக்கப் போன் தேடுபவருக்கு அது குறை. நான் இதைப் பாதுகாத்து வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

வாங்கிய முதல் மாதமே ஒரு பாடம். அப்போது அதில் ஐஓஎஸ் 14 இருந்தது. பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு வாடிக்கையாளருக்கு ஆர்டர் நிலவரம் காட்டும் பக்கம் செய்திருந்தோம். குரோமில் எல்லாம் சரி. போனில் திறந்தால் தேதி இருக்க வேண்டிய இடமெல்லாம் 'இன்வேலிட் டேட்'. சர்வரிலிருந்து வந்தது இப்படி: 2021-03-15, பிறகு ஒரு இடைவெளி, பிறகு 10:30:00. டேட்டாபேஸில் இருப்பதை அப்படியே எடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் இரண்டு நாள் சஃபாரி மேல் கோபமாக இருந்தேன். குரோமுக்குப் புரிகிற தேதி இதற்கு ஏன் புரியவில்லை?

அப்புறம் உட்கார்ந்து ஜாவாஸ்கிரிப்டுக்கான விதிநூலான எக்மாஸ்கிரிப்டைப் படித்தேன். எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி படித்தாக வேண்டும் என்று அது வகுத்திருப்பது முக்கியமாக ஒரு வடிவம்: தேதி, நடுவில் பெரிய 'டி' எழுத்து, பிறகு நேரம். எங்களுடையது மாதிரி அதில் அடங்காததை அந்தந்த பிரவுசரின் இன்ஜின் (ஜாவாஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் பகுதி) தன் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம். குரோம் தாராளமாக இருந்தது, சஃபாரி கறாராக இருந்தது. இரண்டுமே விதிக்கு உட்பட்டுத்தான் நடந்தன. விதியை மீறியது எங்கள் பக்கத்து இடைவெளி. சஃபாரி மேல் பட்ட கோபம் அநியாயமானது என்று அன்றே ஒப்புக்கொண்டேன்.

இடைவெளியை எடுத்துவிட்டு 'டி' போட்டதும் தேதி வந்தது. நேரம் மட்டும் தப்பு. மாலை 4 மணி காட்ட வேண்டிய இடத்தில் காலை 10:30. சர்வர் அனுப்பியது யுடிசி நேரம் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்), ஆனால் அதைச் சொல்லும் 'இசட்' கடைசியில் இல்லை. விதிநூலின் 2009ல் வந்த ஐந்தாம் பதிப்பு, நேர மண்டலம் சொல்லாவிட்டால் யுடிசி என்று கொள்ளச் சொன்னது. 2015ல் வந்த ஆறாம் பதிப்பு உள்ளூர் நேரம் என்று மாற்றியது. அந்த மாற்றத்தை ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு நேரத்தில் ஏற்றுக்கொண்டதால், அந்தக் காலத்தில் எழுதப்பட்ட புரோகிராமை எங்காவது எடுத்துப் போட்டால் இன்றும் காலை வாரிவிடும். சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் நம்மூரில் வேறு எங்கும் தேட வேண்டாம், இதுதான்.

இதில் இன்னொன்று உண்டு. நேரமே இல்லாமல் தேதியை மட்டும் கொடுத்தால், அதை யுடிசி நள்ளிரவு என்றுதான் எல்லா பிரவுசரும் எடுத்துக்கொள்ளும். நமக்கு அது அதே நாள் காலை 5:30, அதனால் கோயம்புத்தூரில் உட்கார்ந்து எத்தனை வருஷம் டெஸ்ட் செய்தாலும் தப்பு கண்ணில் படாது. நியூஜெர்சியில் இருக்கும் பையருக்கு, அதாவது சரக்கு வாங்குபவருக்கு, அது முந்தின நாள் மாலை. 15ஆம் தேதி ஏற்ற வேண்டிய சரக்கு அவர் திரையில் 14 என்று நிற்கும். இப்போதெல்லாம் எந்தப் பக்கத்தைக் கொடுப்பதற்கு முன்னாலும் எஸ்இயின் செட்டிங்ஸில் நேர மண்டலத்தை நியூயார்க்குக்கு மாற்றி ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அரை நிமிட வேலை.

நண்பனின் வெள்ளைத் திரைக்கு வருகிறேன். அவன் முதலில் சொன்னது: "ஐபோன்ல குரோம் போட்டும் பாத்துட்டேன் மாப்ள, அதுலயும் வெள்ளைதான். அப்ப சஃபாரி பிரச்சினை இல்லையே?" இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். ஐபோனில் இருக்கும் குரோமுக்குள்ளும் ஓடுவது சஃபாரியின் இன்ஜினான ஆப்பிளின் வெப்கிட்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024ல் ஐஓஎஸ் 17.4லிருந்து வேறு இன்ஜினுக்கு அனுமதி உண்டு. நம் ஊரில் ஐபோனில் எந்த பிரவுசரைத் திறந்தாலும் உள்ளே அதே ஆள். லேப்டாப் குரோமில் 'ஐபோன்' என்று தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோமே, அது இதற்கு நேர் எதிர்: திரை அளவு ஐபோனுடையது, இன்ஜின் குரோமுடையது. அதில் ஓடுகிறது என்பதற்கு இந்த விஷயத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

அவன் பக்கத்தை எஸ்இயில் திறந்தேன். வெள்ளை. கேபிளை ஆபீஸ் மேக் மினியில் செருகினேன். போனில் சஃபாரி செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு போய் வெப் இன்ஸ்பெக்டரை ஆன் செய்து வைத்திருந்தால், மேக் சஃபாரியின் டெவலப் மெனுவில் போனின் பெயர் வரும், அதற்குள் திறந்திருக்கும் பக்கமும் வரும். ரீலோட் செய்ததும் ஒரே ஒரு சிவப்பு வரி: சின்டாக்ஸ் எரர், இன்வேலிட் ரெகுலர் எக்ஸ்பிரஷன், இன்வேலிட் குரூப் ஸ்பெசிஃபையர் நேம்.

இந்த வரியை 2022ல் எங்கள் சொந்தக் கோடிலேயே பார்த்திருக்கிறேன், அதனால் பார்த்த உடனே சிரிப்பு வந்துவிட்டது. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்துகளுக்குள் ஒரு வடிவத்தைத் தேடும் குறியீடு) 'லுக்பிஹைண்ட்' என்று ஒன்று உண்டு, அதாவது இதற்கு முன்னால் இன்னது இருந்தால் மட்டும் பொருத்து என்று சொல்வது. குரோமில் 2017லேயே, 62ஆம் பதிப்பில் வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் 2020. சஃபாரியில் 2023 மார்ச்சில், 16.4ல்தான் வந்தது. அதற்கு முந்தைய சஃபாரி உள்ள ஐபோன்களில் இந்த எழுத்துக் கோவையைக் கண்டால் இன்ஜின் கோப்பைப் படிக்கும்போதே நின்றுவிடும். ஓட ஆரம்பித்து நடுவில் விழுவது வேறு. இது ஆரம்பிப்பதே இல்லை. முதல் வரியில் கன்சோல் லாக் போட்டு ஒரு செய்தி அச்சிடச் சொல்லியிருந்தாலும் அச்சாகாது, பிழையைப் பிடிக்கும் டிரை கேட்சைச் சுற்றிப் போட்டாலும் பிடிக்காது. பேபல் என்ற கருவி மற்ற புதுசுகளையெல்லாம் பழைய நடைக்கு மாற்றிக் கொடுக்கும், இதை மாற்றாது. ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே யாரோ எழுதிய ஒரு வரி, முழுப் பக்கமும் வெள்ளை.

நண்பன் கோடில் அது எங்கே இருந்தது தெரியுமா? தொகைக்கு லட்சக் கணக்கில் கமா போடும் ஒரு சின்ன ஃபங்ஷனில். ரெடிமேடாக எடுத்துப் போட்ட ஒரு பேக்கேஜுக்குள் ஒளிந்திருந்தது. அந்த வேலைக்கு ரெகுலர் எக்ஸ்பிரஷனே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்ட்ல் நம்பர்ஃபார்மேட்டிடம் இந்திய ஆங்கிலம் என்று சொல்லிவிட்டால் 1,00,000 என்று அதுவே போட்டுக் கொடுக்கும், எல்லா பிரவுசரிலும். பேக்கேஜைத் தூக்கினோம், பக்கம் வந்தது.

நாலு வருஷத்தில் எனக்கு எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று: சஃபாரி பிழை சொல்லும் விதம். இல்லாத ஒன்றுக்குள் கையை விட்டால், இன்ன ப்ராபர்ட்டியைப் படிக்க முடியவில்லை என்று மட்டும் குரோம் சொல்லும். 'டேட்' என்ற ப்ராபர்ட்டி நம் கோடில் நாற்பது இடத்தில் இருக்கும். சஃபாரியோ 'எவால்யுவேட்டிங்' என்று போட்டு அந்தக் கோவை முழுவதையும் எடுத்து வைக்கும்: ஆர்டர், புள்ளி, ஷிப்மென்ட், புள்ளி, டேட். ஷிப்மென்ட்தான் இல்லை என்று பார்த்ததும் தெரிந்துவிடும். குரோமில் வந்த பிழையைப் புரிந்துகொள்ளவே இந்தப் போனை எடுத்த நாட்கள் உண்டு.

தமிழ் விஷயத்திலும் இது என்னை ஆச்சரியப்படுத்தியிருக்கிறது. லேபிளில் அச்சிடும் பெயருக்கு எழுத்து வரம்பு வைக்க வேண்டியிருந்தது. 'தமிழ்' என்பதற்கு நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட் லெங்த் 5 என்று சொல்லும், 'மி'யின் மேல்விலங்கையும் 'ழ்' மேல் உள்ள புள்ளியையும் தனித்தனியாக எண்ணிவிடுவதால். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் சரியாக 3 என்று எண்ணும். குரோமில் 2020லிருந்து இருக்கிறது, சஃபாரியில் 2021லிருந்து. ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரலில், 125ஆம் பதிப்பில்தான் வந்தது. அதுவரை புத்தம் புது ஃபயர்பாக்ஸ் 'தமிழ்' என்பதை எண்ண முடியாமல் பிழை காட்டியது, 2016ல் வந்த இந்தக் குட்டிப் போன் சரியாக எண்ணியது. சஃபாரிதான் எப்போதும் கடைசி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இந்தப் போன் காட்டாததும் உண்டு. பிரவுசரில் ஸ்கிரிப்ட் சேமித்து வைப்பதை, அந்தத் தளத்தைத் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால் அது அழித்துவிடும். 2020லிருந்து இப்படித்தான். பாதியில் விட்ட ஆர்டரைப் பத்து நாள் கழித்துத் திறந்த வாடிக்கையாளருக்கு ஒன்றுமே இல்லை. நான் தினமும் திறப்பதால் என் போனில் எப்போதும் இருந்தது. வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதன் பிறகு ட்ராஃப்டை சர்வரிலேயே வைக்கிறோம்.

சரி, வாங்கலாமா? நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறாயே என்றான். அவனிடம் மேக் இல்லை. மேக் இல்லாமல் இந்தப் போன் வெள்ளைத் திரையைக் காட்டுமே தவிர, ஏன் வெள்ளை என்று சொல்லாது. அதற்குப் பதிலாக, பக்கத்தின் தலையில், மற்ற எல்லா ஸ்கிரிப்டுக்கும் முன்னால், பழைய நடையில் தனியாக நாலு வரி போடச் சொன்னேன்: பிழை வந்தால் பிரவுசர் கூப்பிடும் விண்டோவின் ஆன்எரரில் வரும் செய்தியையும் வரி எண்ணையும் பக்கத்திலேயே எழுதிக் காட்டும் நாலு வரி. அது தனி ஸ்கிரிப்ட் என்பதால் அடுத்த கோப்பு படிக்கும்போதே விழுந்தாலும் இது பிழைத்திருந்து சொல்லும். கோப்பு மட்டும் சொந்த டொமைனிலிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் விவரம் கிடைக்காது. வாடிக்கையாளர் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் போதும். கூடவே பிளேரைட் என்ற டெஸ்டிங் கருவியில் வெப்கிட்டை வைத்து ஓட்டச் சொன்னேன், விண்டோஸிலேயே ஓடும். அதில் இருப்பது புது வெப்கிட், லுக்பிஹைண்ட் மாதிரி பழைய கணக்குகளைப் பிடிக்காது. அந்தச் சந்தேகம் வரும்போது என் வீட்டுக்கு வரட்டும்.

என் எஸ்இயை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை. புதுப் பேட்டரி போட்ட அன்றே வேலையும் வந்துவிட்டது. புது ப்ராஜெக்ட், வேறு சர்வர், வேறு ஆட்கள். முதல் ரெஸ்பான்ஸைத் திறந்தேன். தேதி, ஒரு இடைவெளி, நேரம். கடைசியில் இசட் இல்லை. நாலு வருஷமாக எழுதும் அதே மெயிலை மறுபடி எழுதி அனுப்பியிருக்கிறேன்: நடுவில் 'டி' போடுங்கள், கடைசியில் 'இசட்' போடுங்கள். இரண்டே எழுத்து. இன்னும் பதில் வரவில்லை.