சாம்பல் பின்னணியில் தொலைந்த கர்சர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி அட்டை, இவைதான் அன்றாட வேலை. மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கென ஒரு கர்சரை, அதாவது திரையில் இடத்தைச் சுட்டும் குறியை, வரைந்துகொண்டேன்: 32-க்கு 32 பிக்சலில் மெல்லிய கூட்டல் குறி, முழுவதும் எதிர்நிறம். வெள்ளைத் தாளில் கறுப்பாகவும் கறுப்பில் வெள்ளையாகவும் தெரியும். மஞ்சள் பத்திரிகைமேல் பளீரென்று நீலமாகும். இனி எங்கும் தொலையாது என்று நம்பினேன்.

தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், மனைவியின் நினைவஞ்சலிக்குப் பிழை பார்க்க வந்தார். சாம்பல் பின்னணி. "இந்த எழுத்தா ஐயா?" என்றேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "எதைக் காட்டுகிறாய் தம்பி?" என்றார். என் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அவர் வந்த வேளைக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டாததாக இருந்தது. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

திரையில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் அளவும் 0 முதல் 255 வரை. எதிர்நிறம் என்பது அந்த அளவை 255-லிருந்து கழிப்பதுதான். நடுச் சாம்பலின் 128, கழித்தால் 127. எந்தக் கண்ணும் இதைப் பிரித்தறியாது.

அன்றிரவே திருத்த உட்கார்ந்தேன். விண்டோஸின் பழைய கர்சர் முறையில் இரண்டு மாஸ்க்குகள் உண்டு; ஒவ்வொரு பிக்சலும் எப்படித் தெரிய வேண்டும் என்று 0, 1-ஆல் சொல்லும் கறுப்பு வெள்ளைப் படங்கள் அவை. கறுப்பு 0, வெள்ளை 1. ஆண்ட் மாஸ்க்கில் 1, எக்ஸார் மாஸ்க்கில் 0 என்றால் அடியிலுள்ள திரை அப்படியே தெரியும்; இரண்டிலும் 1 என்றால் எதிர்நிறமாகும். ஒளிபுக வேண்டிய இடத்தில் எக்ஸார் பக்கம் வெள்ளையை விட்டுவிட்டேன். குறியைச் சுற்றி ஒரு சதுரமே நிறம் மாறியபடி கூடவே நகர்ந்தது. அங்கே கறுப்பை நிரப்பிய பிறகே அடங்கியது. கோடுகளைக் கறுப்பாக்கி, இருபுறமும் ஒரு பிக்சல் வெள்ளை வரம்பு கொடுத்தேன். நடுவில் மட்டும் சில பிக்சல்களை ஒளிபுக விட்டேன். மெய்யெழுத்தின் புள்ளியைக் குறியே மறைத்துவிட்டால் பிழை பார்ப்பது எப்படி?

அன்றிலிருந்து குங்குமச் சிவப்பிலும் சாம்பலிலும் அது ஒருமுறைகூடத் தொலைந்ததில்லை. வெள்ளையும் கறுப்பும் மட்டுமே உள்ள பக்கங்களுக்கு எதிர்நிறம் இன்றும் நல்லதுதான். அழைப்பிதழ் வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐகான் கதை வேறு. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி கொண்டுவந்த 32 பிட் ஐகானில் ஒளிபுகும் தன்மைக்கு 256 படிகள். ஓரங்கள் வழவழப்பாக வரும். ஆனால் வெள்ளைப் பின்னணியில் வரைந்து வெட்டினால், கருந்திரையில் வேல் ஐகானின் விளிம்பெல்லாம் வெள்ளைப் பிசிறு ஒட்டிக்கொள்ளும். தொடக்கத்திலிருந்தே ஒளிபுகும் தளத்தில் வரையுங்கள்.

மறு ஆண்டு திதிக்கு அந்தப் பெரியவர் வந்தார். அதே சாம்பல் பின்னணியைத்தான் கேட்டார். மனைவியின் பெயர் முடியும் 'ள்' மேல் குறியை நிறுத்தினேன். "புள்ளி இருக்கிறது தம்பி, அச்சடித்துவிடு" என்றார்.